மண்ணில் ஓடும் பைக்குக்கும் ஏடிவிக்கும் (நாலு சக்கர மண் வண்டி) எந்த ஆயில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் மண் பாதை ஓட்ட இடம் குறைவு. அதனால் நம் ஆட்கள் பலர் வார இறுதியில் காஸ்வே தாண்டி ஜோகூரில் (மலேசியா) கோத்தா திங்கி, தேசாரு பக்கம் போய்விடுகிறார்கள். போவதற்கு முன்னும் வந்த பின்னும் என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஆயிலைப் பற்றித்தான், அதுவும் அதே சந்தேகங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எடுத்துப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். மேலிருந்து படியுங்கள், கீழே வரும் பதில்கள் மேலே சொன்னதை வைத்துத்தான் போகும்.

"அண்ணே, கார் ஆயிலும் பைக் ஆயிலும் ஒன்னுதானே? வீட்ல ஒரு கேன் கிடக்கு, ஊத்திடவா?"

வேண்டாம். காரில் எஞ்சின் ஆயிலுக்கு எஞ்சினைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வேலை, கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் இருக்கும். பெரும்பாலான நாலு-ஸ்ட்ரோக் பைக்குகளில் அப்படி இல்லை. பிஸ்டனுக்குப் போகும் அதே ஆயில்தான் கியர் பற்களுக்கும் போகிறது, கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் நனைந்து கிடக்கின்றன. பிஸ்டனுக்கு உராய்வு குறைய வேண்டும், கிளட்ச் தட்டுக்கோ உராய்வு இருந்தே ஆகவேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆயில் ஈடுகொடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே உள்ள சிக்கல் எல்லாம்.

பெட்ரோல் மிச்சப்படுத்துவதற்காக இப்போதைய கார் ஆயில்கள் பலவற்றில், குறிப்பாக 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 மாதிரி மெல்லியவற்றில், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் போடுகிறார்கள். காருக்கு நல்லது, நம் கிளட்சுக்கு எதிரி. அப்புறம் கியர் பற்கள் ஆயிலை நசுக்கிக்கொண்டே இருக்கும், அதில் ஆயிலுக்குத் தடிமன் கொடுக்கும் பாலிமர் துண்டு துண்டாகிறது. பைக் ஆயிலை இதையும் மனதில் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். ஆகவே எந்த ஆயிலைக் கையில் எடுத்தாலும் பிராண்டைப் பார்ப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: இந்த ஆயில் வண்டிக்குள் எதையெல்லாம் தொடப்போகிறது? கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

"பாட்டில்ல ஏகப்பட்ட எழுத்து இருக்கே ப்ரோ, எதைப் பாக்கணும்?"

முதலில் ஜாசோ. ஜப்பான்காரர்களின் தர அமைப்பு அது, பைக் ஆயிலுக்கு என்றே டி903 என்ற விதியை 1998-ல் கொண்டுவந்தார்கள். எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2 என்றால் ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது. எம்ஏ2 என்பது அதிலேயே உராய்வு அதிகமுள்ள பக்கம், கிளட்ச் இறுக்கமாகப் பிடிக்கும். எம்பி என்றால் உராய்வு குறைந்தது, கிளட்ச் ஆயிலில் படாத ஸ்கூட்டர்களுக்கானது. கியர் பைக்கில் எம்பி ஊற்றாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் தர எழுத்துகள்: எஸ்ஜி, எஸ்எல், எஸ்என், எஸ்பி என்று போகும், இரண்டாவது எழுத்து முன்னேற முன்னேறப் புதியது. ஹோண்டா கையேடுகளில் எஸ்ஜி அல்லது அதற்கு மேல், கூடவே ஜாசோ எம்ஏ என்று இருக்கும். புதிய எழுத்து என்றால் பைக்குக்கு இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம், அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி காரை நினைத்துச் செய்தது. பாட்டிலில் உள்ள ஏபிஐ வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' அல்லது 'எனர்ஜி கன்சர்விங்' என்று எழுதியிருந்தால் பாட்டிலை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.

"10டபிள்யூ-40ன்னா என்னா? அந்த டபிள்யூ வெயிட்டா?"

வின்டர், அதாவது குளிர்காலம். முன்னால் வரும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. 10டபிள்யூவை மைனஸ் 25 டிகிரியில் சோதிக்கிறார்கள், 20டபிள்யூவை மைனஸ் 15-ல். இங்கே 20 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம் என்பதால் அந்த எண்ணுக்காக நாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பின்னால் வரும் எண்தான் நமக்கு முக்கியம். 100 டிகிரியில் ஆயிலின் தடிமன் அது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (தடிமனை அளக்கும் அலகு), 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை.

இரண்டு எண்களுக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு அதிகமோ, பொதுவாக அவ்வளவு பாலிமர் உள்ளே இருக்கும். கியர் பற்கள் அதைத்தான் நறுக்குகின்றன என்று மேலே சொன்னேன். அதனால் நம் வெப்பத்தில் 5டபிள்யூ-50ஐவிட 15டபிள்யூ-50 பெரும்பாலும் அதிக நாள் தடிமனாகவே இருக்கும், கையேடு இரண்டையும் ஒத்துக்கொண்டால்.

"இங்க வெயில் கொளுத்துது, காட்டுக்குள்ள முதல் கியர்லயே போறோம். 20டபிள்யூ-50 ஊத்தினா எஞ்சின் கூலா இருக்குமா?"

தடித்த ஆயில் எஞ்சினைக் குளிர்விக்காது. சூடான நேரத்தில் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே படலம் உடையாமல் நிற்கத்தான் அது உதவும். அளவுக்கு மீறித் தடித்தால் பம்ப் சிரமப்படும், மெல்லிய வழிகளில் ஆயில் மெதுவாகப் போகும், கிளட்ச் முழுதாக விடாமல் நியூட்ரல் போடுவது பெரும்பாடாகிவிடும்.

எல்லா வண்டிக்கும் ஒரே எண் என்று ஒன்று கிடையாது. ஹோண்டா சிஆர்எஃப்250எல் 10டபிள்யூ-30 கேட்கிறது, கேடிஎம் நாலு-ஸ்ட்ரோக் என்டூரோக்கள் (காட்டுப் பாதை பைக்குகள்) 10டபிள்யூ-50 கேட்கின்றன. இரண்டும் அதே கோத்தா திங்கி சேற்றில்தான் ஓடுகின்றன. உள்ளே உள்ள இடைவெளிகளை வைத்து அவரவர் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கையேட்டில் வெப்பநிலை வாரியாக ஒரு பட்டைப் படம் இருந்தால், 25 முதல் 35 டிகிரிவரை மூடும் பட்டைகளுக்குள் தேர்ந்தெடுங்கள். காற்றில் குளிரும் சின்ன பைக்கில் சேற்றில் நாள் முழுக்க உழலப் போகிறீர்கள் என்றால், அந்தப் பட்டைகளில் தடித்ததை எடுப்பேன். அதற்கு மேல் போகமாட்டேன்.

"ஃபுல்லி சிந்தெடிக் போட்டா கிளட்ச் ஸ்லிப் ஆகும்னு வொர்க்‌ஷாப் அங்கிள் சொல்றாரே?"

அங்கிள் சொல்வது பழைய காலத்துப் பயம். கிளட்ச் பிடிக்காமல் வழுக்குவதுதான் ஸ்லிப். அப்படி ஆக்குவது மேலே சொன்ன உராய்வுக் குறைப்புச் சேர்மானம்தான், அது மினரல் ஆயிலிலும் (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தது) இருக்கலாம், சிந்தெடிக்கிலும் (செயற்கையாகத் தயாரித்தது) இருக்கலாம். ஜாசோ எம்ஏ2 முத்திரை உள்ள ஃபுல்லி சிந்தெடிக்கைத் தாராளமாக ஊற்றலாம். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த கிளட்ச், ஆயில் மாற்றிய வாரத்தில்தான் தன் குணத்தைக் காட்டும், பழி ஆயில் மேல் விழும். அது வேறு கதை.

காசு விஷயத்தில் என் கருத்து: ஒவ்வொரு இரண்டு சவாரிக்கும் ஆயிலை மாற்றுபவருக்கு நல்ல செமி-சிந்தெடிக்கே போதும். விலையுயர்ந்த ஆயிலை வாங்கி ஆறு மாதம் விட்டுவைப்பதைவிட, நடுத்தர ஆயிலை அடிக்கடி மாற்றுவது மண் பைக்குக்கு நல்லது.

"ஒரு சின்ன பாட்டில் ஊத்தினா எஞ்சின் பட்டு மாதிரி ஓடும்னு விக்கிறாங்களே, சேக்கலாமா?"

கிளட்ச் ஆயிலில் நனையும் வண்டியில் இந்தச் சேர்மான பாட்டிலைச் சேர்க்காதீர்கள். ஜாசோ முத்திரை பாட்டிலுக்குள் இருக்கும் கலவைக்குத்தான், நீங்கள் மேலே ஊற்றுவதற்கு இல்லை.

"ஜேபியில (ஜோகூர் பாருல) கப்சாய் ஆயில் மலிவா கிடைக்குது. அதை நம்ம டர்ட் பைக்ல ஊத்தலாமா?"

ஊற்றலாம், கப்சாய் என்ற அந்தச் சின்ன கியர் பைக்குக்கும் ஆயிலில் நனையும் கிளட்ச்தான். எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கிறதா, எண் உங்கள் கையேட்டோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். அதே அலமாரியில் பக்கத்திலேயே ஸ்கூட்டர் ஆயிலும் நிற்கும், பாட்டில் நிறம்கூட ஒன்றுபோல இருக்கும், அதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று, இந்த பாட்டில்கள் பல 0.8 லிட்டர். சிஆர்எஃப்250எல்லுக்கு வடித்து ஊற்ற ஒன்றரை லிட்டர் அளவுக்கு வேண்டும், ஒரு பாட்டிலோடு திரும்பி வந்து விழிக்காதீர்கள். நம்பிக்கையான கடையில் வாங்குங்கள், மூடி முத்திரை உடைந்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

"டீசல் லாரி ஆயில்தான் பெஸ்ட்னு யூடியூப்ல ஒருத்தர் சொல்றாரு?"

பாதி சரி. டீசல் ஆயில்களில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் தாராளமாக இருக்கும், பெட்ரோல் மிச்சப்படுத்தும் சேர்மானம் பெரும்பாலும் இருக்காது. சில டீசல் ஆயில் கேன்களில் ஜாசோ எம்ஏ என்றே போட்டிருப்பார்கள், அவற்றை ஊற்றலாம். எம்ஏ இல்லாத கேனைத் தொடமாட்டேன். ஒரு பொறி இருக்கிறது: ஜாசோ டிஎச்-1, டிஎச்-2 என்று எழுதியிருப்பது டீசல் எஞ்சினுக்கான தரம், ஜாசோ என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

"என்னோடது டூ-ஸ்ட்ரோக். பெட்ரோல்ல கலக்குற ஆயிலையே கியர்பாக்ஸ்லயும் ஊத்தலாமா?"

கூடவே கூடாது. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் இரண்டு இடத்தில், இரண்டுக்கும் வேலை வேறு. பெட்ரோலோடு போகும் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் எரிந்து போவதற்கென்றே தயாரித்தது, ஜாசோ எஃப்சி, எஃப்டி என்ற தரங்கள் அதற்குரியவை, எஃப்டி அதில் உயர்ந்தது. பெட்ரோல் எத்தனை பங்குக்கு ஆயில் ஒரு பங்கு என்பதைக் கையேட்டில் பாருங்கள், யமஹா ஒய்இசட் டூ-ஸ்ட்ரோக்குகளுக்கு 30-க்கு 1, கேடிஎம்மின் பழைய என்டூரோக்களுக்கு 60-க்கு 1 என்று ஆளுக்கொரு கணக்கு.

கியர்பாக்ஸில் இருக்கும் ஆயில் கியரையும் கிளட்சையும் மட்டும் தொடுகிறது. எரிபொருள் கரி அதில் கலப்பதில்லை. அதற்குப் பைக் டிரான்ஸ்மிஷன் ஆயில் என்று தனியாக விற்கிறார்கள், அல்லது கையேடு சொல்லும் எண்ணில் எம்ஏ2 எஞ்சின் ஆயிலையே ஊற்றலாம். கேடிஎம் 250 இஎக்ஸ்சி கியர்பாக்ஸுக்குக் கேடிஎம்மே சொல்வது 15டபிள்யூ-50 நாலு-ஸ்ட்ரோக் பைக் ஆயில்தான்.

"கியர் ஆயில் 75டபிள்யூ-90ன்னு இருக்கு. 40ஐ விட 90 ரொம்ப தடிப்பா இருக்குமே, கிளட்ச் ஒட்டிக்காதா?"

எஞ்சின் ஆயில் எண்ணும் கியர் ஆயில் எண்ணும் வேறு வேறு அளவுகோல்கள். கியர் ஆயில் 90 என்பது 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ், அதாவது எஞ்சின் ஆயில் 40-க்கும் 50-க்கும் நடுவே எங்கேயோ விழும். 80 என்று வரும் கியர் ஆயில் ஏறத்தாழ எஞ்சின் ஆயில் 20, 30 அளவுக்கு மெல்லியது. தடிமனைப் பற்றிய பயம் தேவையில்லை.

பயப்பட வேண்டியது சேர்மானத்துக்கு. கார் ஆக்ஸிலுக்கான ஜிஎல்-5 ஆயிலில் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் நிறைய இருக்கும், ஹைப்பாய்டு கியர்கள் (ஆக்ஸிலில் வரும் சாய்ந்த பற்கள் கொண்டவை) பலத்த அழுத்தத்தில் உரசும் இடத்துக்கு அது அவசியம். அதே சேர்மானம் கிளட்ச் தட்டில் படிந்தால் பிடிப்புப் போகும், வெண்கலம் மாதிரியான மஞ்சள் உலோகத்தையும் சில வகைகள் அரிக்கும். கிளட்ச் அதே அறையில் இருந்தால் ஜிஎல்-5 வேண்டாம். பைக்குக்கென்று விற்கும் 75டபிள்யூ, 80டபிள்யூ டிரான்ஸ்மிஷன் ஆயில் வேறு ரகம், அதில் கிளட்சை மனதில் வைத்திருப்பார்கள்.

"டூ-ஸ்ட்ரோக் கியர்பாக்ஸ்ல ஏடிஎஃப் ஊத்தினா கியர் வெண்ணெய் மாதிரி விழுமாம்?"

ஏடிஎஃப் என்பது ஆட்டோமேட்டிக் கார்களின் கியர்பாக்ஸ் திரவம். அதை ஊற்றுவது அமெரிக்காவில் பழைய பழக்கம். அவர்கள் ஊற்றியது 'டைப் எஃப்' என்ற ரகம், அதில் உராய்வுக் குறைப்புச் சேர்மானம் கிடையாது, அதனால் கிளட்ச் நன்றாகவே பிடித்தது. இப்போது கடையில் கிடைக்கும் ஏடிஎஃப்-களில் பெரும்பாலானவை அந்த ரகம் இல்லை. டைப் எஃப் கிடைத்தாலும் மெல்லியது, கியர் பற்களுக்கு அது போதாது என்பது என் எண்ணம். பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றுபவர் விளையாடிப் பார்க்கலாம், மற்றவர்களுக்கு வேண்டாத வேலை.

"ஒரே பைக்ல ரெண்டு ஆயில் மூடி இருக்கே, ரெண்டுலயும் ஒரே ஆயில்தானா?"

2002-ல் வந்த ஹோண்டா சிஆர்எஃப்450ஆர், அதற்குப் பின் வந்த சில ஆண்டு மாடல்கள் இப்படித்தான்: எஞ்சினுக்கு ஒரு அறை, கியருக்கும் கிளட்சுக்கும் இன்னொரு அறை. முதல் கேள்விக்குச் சொன்னதை இங்கே அப்படியே போட்டுப் பாருங்கள். கிளட்ச் கியர் அறையில் இருக்கிறது, ஆகவே அந்தப் பக்கம் எம்ஏ அல்லது எம்ஏ2 கட்டாயம். எஞ்சின் பக்கம் கிளட்ச் இல்லை, அங்கே கொஞ்சம் சுதந்திரம் உண்டு. ஆனாலும் இரண்டு பாட்டில் வைத்துக்கொண்டு சேற்றில் நின்று மாற்றி ஊற்றுவதைவிட, இரண்டுக்கும் ஒரே நல்ல எம்ஏ2 ஆயில் வைத்துக்கொள்வதே நிம்மதி. அளவை மட்டும் தனித்தனியாகப் பாருங்கள், ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம் உதவிக்கு வராது.

"ஜோகூர்ல மாமா தோட்டத்துல ஏடிவி வச்சிருக்காரு. அதுக்கும் பைக் ஆயிலே போதுமா? சிவிடிக்கு என்ன ஆயில்?"

ஏடிவியில் ஒரு ஆயிலோடு வேலை முடியாது. எஞ்சின், கியர் அறை, பின் டிஃபரன்ஷியல் அல்லது ஃபைனல் டிரைவ், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் முன் டிஃபரன்ஷியல் என்று மூடிகளை எண்ணிக்கொண்டே போகலாம். சிவிடி என்றால் கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அமைப்பு, அந்த பெல்ட் இருக்கும் பெட்டி மட்டும் காய்ந்தே இருக்க வேண்டும். அங்கே ஆயிலும் கிரீஸும் தண்ணீரும் போனால் பெல்ட் வழுக்கும்.

பெல்ட் வண்டி என்றால் கிளட்ச் ஆயிலில் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். யமஹா கிரிஸ்லியில் பெல்ட் உண்டு, கூடவே ஆயிலில் நனையும் மையவிலக்குக் கிளட்சும் உண்டு, ஆகவே எம்ஏ வேண்டும். ஹோண்டாவின் கியர் ஏடிவிகளும் அப்படியே. போலாரிஸ் வண்டிகளில் பெல்ட்டே கிளட்ச் வேலையையும் பார்க்கிறது, எஞ்சினுக்கு அவர்கள் தருவது 5டபிள்யூ-50.

டிஃபரன்ஷியலில் கிளட்ச் தட்டு இல்லாத சாதாரண ஹைப்பாய்டு கியர் என்றால், மேலே கிளட்சுக்கு ஆகாது என்று ஒதுக்கிய ஜிஎல்-5 கியர் ஆயில்தான் அங்கே சரியான ஆள், ஹோண்டா அங்கே ஹைப்பாய்டு கியர் ஆயில் 80 கேட்கும். ஆனால் போலாரிஸ் முன் டிஃபரன்ஷியல் தேவைப்படும்போது மட்டும் பிடிக்கிற ரகம், அதற்கென்று தனித் திரவம் இருக்கிறது. அங்கே சாதாரண 80டபிள்யூ-90 ஊற்றினால் முன் சக்கரம் பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போகலாம். லிமிடெட் ஸ்லிப் இருக்கும் டிஃபரன்ஷியலுக்கும் அப்படித்தான், கையேட்டைப் பாருங்கள். மாமாவிடம் கையேடு இருக்காது என்று தெரியும், மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும்.

"எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்?"

மண் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு பொய் சொல்லும். காட்டுக்குள் நாள் முழுக்க ஓட்டினாலும் மீட்டரில் ஏறுவது கொஞ்சம்தான், எஞ்சினோ அத்தனை நேரமும் கொதித்திருக்கும். மோட்டோகிராஸ் பைக்குகளுக்கு மணிக்கணக்கு, ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் கையேட்டில் ஆறு பந்தயம் அல்லது 15 மணி நேரம் என்று இருக்கும். அந்த எஞ்சின்களில் ஆயில் ஒரு லிட்டருக்கு முன்னப்பின்னதான், அந்தக் கொஞ்சமே எல்லா வேலையையும் செய்கிறது. மணி மீட்டர் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள், விலை குறைவுதான்.

சாலைக்கும் காட்டுக்கும் பொதுவான பைக் என்றால் கையேட்டின் இடைவெளி நீளமாக இருக்கும், அது பெரும்பாலும் சாலையை நினைத்துச் சொன்னது. சேற்றில் ஓட்டினால் அதில் பாதிக்கும் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் முங்கினால் கணக்கே வேண்டாம், அன்றைக்கே மாற்றுங்கள்.

"ஆத்தைக் கடந்தப்ப வண்டி படுத்துடுச்சு. இப்ப ஆயில் தே தாரிக் (பால் டீ) மாதிரி இருக்கு, என்ன செய்றது?"

முதலில் ஸ்டார்ட் பட்டனிலிருந்து கையை எடுங்கள். காற்று வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள், ஏர் ஃபில்டரைப் பிழியுங்கள். பிறகு ஆயிலை வடித்து, சரியான எண்ணில் மலிவான எம்ஏ ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஐடிலில் ஓட்டி, மறுபடி வடியுங்கள். நிறம் தெளியும்வரை இதையே செய்யுங்கள், கடைசியில் புது ஃபில்டரோடு நல்ல ஆயில். ஏடிவி என்றால் டிஃபரன்ஷியல்களையும் திறந்து பாருங்கள், சூடான பெட்டி தண்ணீரில் இறங்கும்போது மூச்சுக் குழாய் வழியாக உறிஞ்சிக்கொள்ளும்.

ஆற்றுப் பக்கமே போகாமல் ஆயில் வெளுத்தால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். கூலன்ட் அளவு குறைகிறதா பாருங்கள், குறைந்தால் வாட்டர் பம்ப் சீல் அல்லது கேஸ்கட். ஆயில் மாற்றி இது தீராது.

"அளவு பாக்குறப்ப ஒருமுறை ஃபுல், ஒருமுறை காலின்னு காட்டுதே?"

எஞ்சினைச் சூடாக்கி, சில நிமிடம் ஐடிலில் விட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து, வண்டியை நேராக நிறுத்திப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் தப்பாகத்தான் காட்டும். ஹோண்டாவில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும். சுஸுகி டிஆர்-இசட்400 மாதிரி பைக்குகளில் ஆயில் ஃபிரேமுக்குள் இருக்கும், நெடுநேரம் நின்றால் அது கீழே எஞ்சினுக்குள் இறங்கிவிடும், குறைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினால் அளவு மிஞ்சி, நுரைத்து, ஏர்பாக்ஸ் பக்கம் கக்கும்.

"பாதி வழியில ஆயில் குறைஞ்சிடுச்சு, வேற பிராண்டுதான் கிடைச்சுது. கலக்கலாமா?"

கலக்கலாம். ஏபிஐ தர ஆயில்கள் ஒன்றோடொன்று கலந்தால் திரியாது. எம்ஏ-வா என்று பாருங்கள், எண் கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை, ஆயிலே இல்லாமல் ஓட்டுவதுதான் ஆபத்து. வீட்டுக்கு வந்து மாற்றிவிடுங்கள்.

"பழைய ஆயிலை எங்க கொட்டுறது? எச்டிபி பிளாக்ல குப்பைக் குழாய் இருக்கே…"

குப்பைக் குழாயும் வேண்டாம், சாக்கடையும் வேண்டாம். சிங்கப்பூர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, வாய்க்காலில் விடுவது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, சட்டப்படி குற்றமும்கூட. பழைய பாட்டிலில் ஊற்றி மூடி, வழக்கமாகப் போகும் வொர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் வொர்க்‌ஷாப்புக்குப் பஞ்சமில்லை.

"தெரியாம கார் ஆயில் ஊத்திட்டேன், இப்ப ஆக்ஸிலேட்டர் முறுக்கினா சத்தம் ஏறுது, வேகம் ஏறல. கிளட்ச் போச்சா?"

அவசரப்பட்டுத் தட்டு வாங்காதீர்கள். முதலில் கிளட்ச் கேபிளில் சின்ன தளர்வு இருக்கிறதா பாருங்கள், இழுத்துக் கட்டியிருந்தாலே ஸ்லிப் ஆகும். பிறகு எம்ஏ2 ஆயிலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓட்டி, வடித்து, மறுபடி எம்ஏ2 ஊற்றுங்கள். சேர்மானம் மட்டும்தான் காரணம் என்றால் பல நேரம் இதிலேயே பிடிப்புத் திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் ஸ்லிப் ஆன சூட்டில் தட்டு மெருகேறியிருக்கும், மாற்றத்தான் வேண்டும். புதுத் தட்டை மாட்டும் முன் அதே ஆயிலில் ஊறவையுங்கள், காய்ந்தபடி மாட்டினால் முதல் நாளே கருகும்.

"செகண்ட்ஹேண்டா வாங்குனேன், உள்ள என்ன ஆயில் இருக்குன்னு வித்தவருக்கே தெரியல. இப்படியே ஓட்டலாமா?"

ஓட்டாதீர்கள். வாங்கிய அன்றே எல்லா மூடியிலிருந்தும் வடித்துவிடுங்கள். வடிவதைப் பாருங்கள்: மேக்னட் பிளக்கில் (ஆயில் வடிக்கும் இடத்தில் உள்ள காந்த போல்ட்) மெல்லிய சாம்பல் பசை இருந்தால் இயல்பு, நகத்தில் தட்டுப்படும் துண்டுகள் இருந்தால் கியர் பல், தகடுத் துகள்களாக மினுக்கினால் பேரிங் பக்கம் சந்தேகப்படுங்கள், எரிந்த நாற்றத்தோடு கருப்புத் துகள் என்றால் கிளட்ச். டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள், கையேட்டின் டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு மட்டும் இறுக்குங்கள், அலுமினியத்தில் மரை போனால் ஆயில் செலவைவிடப் பத்து மடங்கு ஆகும். கையேடு சொல்லும் எண்ணில் நடுத்தர எம்ஏ2 ஊற்றி, ஒரே ஒரு சவாரி போய்வந்து, அதையும் வடித்துப் பாருங்கள். இரண்டாவது முறையும் துண்டு வந்தால், வித்தவரின் எண்ணை அழிக்காமல் வைத்திருங்கள்.